ஒரு தப்பும் செய்யாத பேட்ச்... லினஸ் ஏன் அதைத் திரும்பப் பெற்றார்?

2019 செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. லினக்ஸ் கெர்னலின் 5.3 பதிப்பு அன்றுதான் வெளியானது. இரண்டு மாதத்துக்கும் மேலான உழைப்பு, 14,000-க்கும் மேற்பட்ட மாற்றங்கள். எல்லாம் முடிந்து, கதவைப் பூட்டிச் சாவியைக் கொடுக்கிற நேரத்தில், அதற்குள் இருந்த ஒரு சின்ன மாற்றத்தை லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியே எடுத்து வைத்தார்.

கடைசி நேரத்தில் ஒன்றைத் தூக்குகிறார்கள் என்றால், அதில் ஏதோ பெரிய கோளாறு இருந்திருக்கும் என்றுதான் தோன்றும். இங்கே விஷயமே வேறு. அந்த மாற்றத்தில் கோளாறு எதுவும் இல்லை. சொன்ன வேலையைச் சொன்னபடி, சொல்லப்போனால் ரொம்ப நன்றாகவே செய்தது. அதை லினஸே ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டபடியே எடுத்தும் விட்டார்!

ஏன்?

கெர்னல் என்கிற மேஸ்திரி

அதற்கு முன், கெர்னல் என்றால் என்ன என்று ஒரு நிமிடம் பார்த்துவிடலாம். கம்ப்யூட்டரிலும் போனிலும் நாம் பார்ப்பது ஆப்களை. அடியில் இருப்பது சிப், மெமரி, டிஸ்க். இந்த இரண்டு தரப்புக்கும் நடுவில் நின்று, யாருக்கு எவ்வளவு மெமரி, யார் இப்போது டிஸ்க்கைத் தொடலாம், யார் காத்திருக்க வேண்டும் என்று வேலையைப் பிரித்துக்கொடுக்கும் மேஸ்திரிதான் கெர்னல்.

லினக்ஸ் கெர்னலை 1991-ல் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது லினஸ் எழுத ஆரம்பித்தார். இன்று ஆண்ட்ராய்டு போன்கள், இணையத்தைத் தாங்கும் சர்வர்கள், வீட்டு வைஃபை ரவுட்டர்கள் என அது இல்லாத இடம் குறைவு. உலகம் முழுவதிலுமிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் அதற்கு மாற்றங்கள் அனுப்புகிறார்கள். அப்படி அனுப்பும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் பெயர் 'பேட்ச்'. ஒட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். சேர்த்த ஒட்டைத் திரும்பப் பிரித்து எடுத்தால், அதற்குப் பெயர் 'ரிவெர்ட்'.

ஒரே தடவையில் கடைக்குப் போய் வருவது

அந்தப் பேட்ச் என்ன செய்தது?

லினக்ஸில் ஃபைல்களை டிஸ்க்கில் அடுக்கி வைக்கும் முறைகளில் ஒன்று எக்ஸ்ட்-4. ஒவ்வொரு ஃபைலுக்கும் அதன் அளவு என்ன, யாருடையது, டிஸ்க்கில் எங்கே இருக்கிறது என்ற விவரக் குறிப்பு ஒன்று உண்டு. ஒரு குறிப்பைப் படிக்கும்போதே, அடுத்து கேட்பார்கள் என்று பக்கத்தில் இருக்கும் குறிப்புகளையும் எக்ஸ்ட்-4 சேர்த்துப் படித்து வைத்துக்கொள்ளும். நல்ல பழக்கம்தான். ஆனால் இந்தக் கோரிக்கைகள் துண்டுதுண்டாக டிஸ்க்குக்குப் போய்க்கொண்டிருந்தன.

உப்புக்கு ஒரு தடவை, புளிக்கு ஒரு தடவை, பருப்புக்கு ஒரு தடவை என்று கடைக்கு ஓடுகிற மாதிரி. 'லிஸ்ட் போட்டு ஒரே தடவையில் வாங்கி வந்தால் என்ன?' என்று கேட்டது அந்தப் பேட்ச். கோரிக்கைகளைக் கொஞ்சம் நிறுத்தி, சேர்த்து, ஒன்றாக அனுப்பியது. டிஸ்க்குக்கு அலைச்சல் குறைந்தது. இதில் யாருக்கு என்ன நஷ்டம் வந்துவிடப்போகிறது? 5.3-ன் தொடக்கத்திலேயே பேட்ச் உள்ளே வந்துவிட்டது. சோதனைப் பதிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. எல்லாம் சுமுகம்.

திறக்காத லாகின் திரை

வெளியீட்டுக்குச் சில நாள்களே இருந்தபோது, ஒரு டெவலப்பரிடமிருந்து புகார் வந்தது. புதிய கெர்னலைப் போட்டால் அவருடைய லேப்டாப் பூட் ஆகாமல் பாதியிலேயே நிற்கிறது. லாகின் திரை வருவதில்லை. எரர் எதுவும் காட்டுவதில்லை. அப்படியே நிற்கிறது.

14,000 மாற்றங்களில் எது காரணம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கு ஒரு பழைய, எளிய வழி இருக்கிறது. மாற்றங்களின் வரிசையைச் சரிபாதியாகப் பிரித்து, நடுவில் இருக்கும் நிலையை ஓட்டிப் பார்க்க வேண்டும். நின்றால் கோளாறு முன்பாதியில் இருக்கிறது, ஓடினால் பின்பாதியில். 14,000 என்பது 7,000 ஆகும். அடுத்து 3,500. அடுத்து 1,750. இப்படியே போனால் ஏறக்குறைய 14 சோதனைகளில் ஒரே ஒரு பேட்சில் வந்து நிற்கும். ஒவ்வொரு தடவையும் கெர்னலைப் புதிதாகத் தயாரித்து, லேப்டாப்பை அணைத்து, திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டும். பொறுமை வேண்டும். ஆனால் விடை கிடைத்துவிடும்.

அவருக்கும் கிடைத்தது. கைகாட்டப்பட்டது, நம் எக்ஸ்ட்-4 பேட்ச்.

டிஸ்க்கின் அலைச்சலைக் குறைத்த ஒன்று, லாகின் திரையை எப்படி நிறுத்தும்?

சத்தத்துக்காகக் காத்திருந்த அமைதி

கம்ப்யூட்டருக்கு அடிக்கடி தேவைப்படும் ஒரு பொருள், யாராலும் ஊகிக்க முடியாத எண். பாஸ்வேர்டைப் பாதுகாக்க, வங்கிப் பரிமாற்றத்தை மறைக்க, ரகசியச் சாவிகளை உருவாக்க என்று எல்லாவற்றுக்கும் அது வேண்டும். ஆனால் கம்ப்யூட்டர் என்பது சொன்னதை அப்படியே செய்யும் பிறவி. அதனிடம் 'குத்துமதிப்பாக ஒரு எண் சொல்லு' என்றால் திணறிப்போகும்.

அதனால் கெர்னல் வெளியிலிருந்து பொறுக்குகிறது. நீங்கள் கீபோர்டில் விசையைத் தட்டிய கணம், மவுஸை நகர்த்திய கணம், டிஸ்க் ஒரு வேலையை முடித்துவிட்டுக் காலிங் பெல் அடிப்பதுபோலத் தகவல் சொன்ன கணம்... இவை துல்லியமாக எப்போது நடக்கும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அந்த நேரங்களில் இருக்கும் நுண்ணிய ஏற்ற இறக்கங்களை ஒரு தொட்டியில் சேர்த்துவைத்து, அதிலிருந்துதான் ஊகிக்க முடியாத எண்களைத் தயாரிக்கிறது.

இப்போது முடிச்சு தெரிகிறதா?

பேட்ச் வந்தபிறகு டிஸ்க்குக்கு அலைச்சல் குறைந்தது. அலைச்சல் குறைந்ததால் காலிங் பெல் அடிப்பதும் குறைந்தது. பெல் குறைந்ததால், பூட் ஆகும் நேரத்தில் தொட்டி நிரம்பவில்லை. லாகின் திரையைக் கொண்டுவர வேண்டிய புரோகிராம் கெர்னலிடம் ஒரு ரகசிய எண்ணைக் கேட்டது. கெர்னல், 'தொட்டி நிரம்பட்டும், தருகிறேன்' என்றது. புரோகிராம் காத்திருந்தது. அது காத்திருந்ததால் மற்றவையும் காத்திருந்தன. எல்லாரும் சும்மா இருந்ததால் டிஸ்க்குக்கு வேலையே இல்லை. வேலை இல்லாததால் தொட்டியும் நிரம்பவில்லை.

ஏதாவது சத்தம் வரட்டும் என்று ஒரு வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் அந்த லேப்டாப் நின்றுகொண்டிருந்தது.

யார் மேல் தப்பு?

எந்த வீட்டிலும் ஒரு பொருள் உடைந்தால் அடுத்து வரும் கேள்வி இதுதான். இங்கேயும் வந்தது. ஒவ்வொரு தரப்பிலும் நியாயம் இருந்தது.

எக்ஸ்ட்-4 தரப்பு: 'டிஸ்க் வேலையைக் குறைப்பது எப்படித் தப்பாகும்? காலிங் பெல் இத்தனை தடவை அடித்தே ஆக வேண்டும் என்று நாங்கள் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லையே!'

கெர்னலில் ரகசிய எண் தயாரிக்கும் தரப்பு: 'தொட்டி நிரம்புவதற்கு முன் எண்ணைக் கொடுத்தால் ஆபத்து.' இது வெறும் பயம் இல்லை. 2012-ல் ஆராய்ச்சியாளர்கள் இணையத்தில் இருந்த சாவிகளைச் சோதித்தபோது, ரவுட்டர் போன்ற பல சாதனங்கள் ஒரே மாதிரியான அல்லது எளிதில் உடைக்கக்கூடிய சாவிகளை வைத்திருந்தது தெரியவந்தது. சாதனத்தை முதன்முதலில் போட்டவுடன், போதுமான அளவு எதுவும் சேராத நேரத்தில் சாவியைத் தயாரித்ததுதான் முக்கியக் காரணம். தெருவில் பத்து வீட்டுக்கு ஒரே பூட்டு மாட்டிய கதை அது. 2014-ல் வந்த 3.17 பதிப்பில், தொட்டி தயாராகும்வரை காத்திருக்க வைக்கும் 'கெட்ரேண்டம்' என்ற வசதியும் சேர்ந்தது.

இன்னொரு தரப்பு: 'லாகின் திரைக்கு, பூட் ஆகும் நேரத்திலேயே இவ்வளவு பலமான ரகசிய எண் எதற்கு? கேட்டவர்கள்தான் யோசித்திருக்க வேண்டும்.'

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கெர்னலின் ரகசிய எண் பகுதியை 1994-ல் முதலில் எழுதியவர் தியடோர் ட்ஸோ. 2019-ல் அதைப் பராமரித்துவந்தவரும் அவரே. எக்ஸ்ட்-4 பகுதியைப் பராமரித்துவந்தவரும் அவரேதான்! மாமியார் வீடு, அம்மா வீடு இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டிய நிலை.

லினஸ் கேட்ட ஒரே கேள்வி

விவாதம் நீண்டது. பல யோசனைகள் வந்தன. எதுவும் அவசரத்தில் முடிவு செய்யக்கூடியதாக இல்லை. வழக்கமாக ஏழு சோதனைப் பதிப்புகளோடு ஒரு கெர்னல் தயாராகிவிடும். 5.3-க்கு லினஸின் பயணம் காரணமாக எட்டாவதாக ஒன்று வந்து, கூடுதலாக ஒரு வாரம் கிடைத்திருந்தது. அந்த வாரமும் முடிந்துகொண்டிருந்தது.

லினஸ் யார் மேல் தப்பு என்ற கேள்வியை ஓரமாக வைத்தார். அவர் பார்த்தது ஒன்றை மட்டும்தான்: நேற்றுவரை ஓடிக்கொண்டிருந்த ஒருவரின் கம்ப்யூட்டர், நம் மாற்றத்தால் இன்று ஓடவில்லையா?

ஆமாம் என்றால், மாற்றம் வெளியே.

இது கெர்னல் உலகின் பழைய சட்டம். பயனாளரிடம் வேலை செய்துகொண்டிருந்ததை உடைக்கக் கூடாது. மாற்றம் சரியா, உடைந்தது யாருடைய கவனக்குறைவு, அது முதலிலேயே அப்படி ஓடியிருக்கவே கூடாதா என்பதெல்லாம் அடுத்த விஷயம். 5.3-ன் வெளியீட்டு அறிவிப்பில் லினஸ் இந்த ரிவெர்ட்டைப் பற்றித் தனியாக விளக்கம் எழுதினார். பேட்ச் தன்னளவில் நன்றாகவே வேலை செய்தது, உண்மையான பிரச்னை சம்பந்தமே இல்லாத வேறு இடத்தில் இருக்கிறது, ஆனாலும் ஒருவரின் வேலை நிற்கிறது என்பதால் இப்போதைக்கு எடுக்கிறோம் என்பதுதான் அதன் சாரம். எடுத்தது நிரந்தரமாக அல்ல என்பதையும் சொன்னார்.

சட்டம் பழையது. அதைச் சொன்ன விதம் புதியது. இதே சட்டத்தை மீறிய டெவலப்பர் ஒருவரை 2012-ல் லினஸ் எல்லார் முன்னிலையிலும் கடுமையாகத் திட்டியது இன்றுவரை பேசப்படுகிறது. 2018 செப்டம்பரில், தன்னுடைய பேச்சு பலரைப் புண்படுத்தியிருக்கிறது என்று அவரே வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். 4.19 பதிப்பை முடிக்கும் பொறுப்பை கிரெக் க்ரோவா-ஹார்ட்மனிடம் ஒப்படைத்துவிட்டுச் சில வாரங்கள் ஒதுங்கியும் இருந்தார். சரியாக ஓர் ஆண்டு கழித்து வந்தது இந்த 5.3 சம்பவம். சட்டத்தில் அவர் ஓர் அங்குலமும் இறங்கவில்லை. ஆனால் பேட்ச் எழுதியவரின் மரியாதைக்கு ஒரு கீறலும் விழவில்லை.

அழிக்காமல் திரும்புவது

ரிவெர்ட் எப்படி நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். கெர்னலின் மாற்றங்களெல்லாம் 'கிட்' என்ற பதிவேட்டில் இருக்கின்றன. 2005-ல் லினஸே உருவாக்கியது. அதில் ரிவெர்ட் செய்தால் பழைய வரி காணாமல் போய்விடாது. பேட்ச் சேர்ந்த நாள், எழுதியவர் பெயர், காரணம் எல்லாம் அப்படியே இருக்கும். அதன் பிறகு புதிதாக ஒரு பதிவு வரும். இந்த எண்ணுள்ள மாற்றத்தை இன்ன காரணத்துக்காகத் திரும்பப் பெறுகிறோம் என்று அது சொல்லும்.

பழைய கணக்கு நோட்டில் தப்பாக எழுதியதைச் சுரண்டி அழிக்காமல், அடுத்த வரியில் கழித்து எழுதுவார்கள் இல்லையா? அதே நேர்மைதான். பத்து வருஷம் கழித்து ஒருவர் வந்து பார்த்தாலும், இங்கே என்ன முயன்றார்கள், ஏன் பின்வாங்கினார்கள் என்பது தெரியும். அதே குழியில் திரும்ப விழ வேண்டியதில்லை.

கெர்னல்காரர்களுக்கு இது அன்றாடம். ஒவ்வொரு பதிப்பிலும் ரிவெர்ட்கள் இருக்கும். பெரிய நிறுவனத்தின் பொறியாளர் எழுதியதும் திரும்பும், முதல் பேட்ச் அனுப்பிய மாணவருடையதும் திரும்பும். அதற்காக யாரும் ஊரைவிட்டு ஓடுவதில்லை. காரணத்தைப் படித்துவிட்டு, அடுத்த பேட்சை எழுத உட்காருகிறார்கள்.

இரண்டே வாரத்தில்...

ரிவெர்ட்டோடு கதை முடிந்திருந்தால் ஒரு நல்ல பேட்ச் வீணாகியிருக்கும். உண்மையான நோயும் அப்படியே இருந்திருக்கும். வேறு ஒருவர் வேறு எங்கோ டிஸ்க் வேலையைக் குறைக்கும் அன்று, இன்னொரு லேப்டாப் நின்றிருக்கும்.

அதனால் அடுத்த வேலை தொட்டியில் நடந்தது. செப்டம்பர் மாத இறுதியில், 5.4-க்கான வேலைகளின்போது லினஸே ஒரு மாற்றத்தை எழுதினார். தொட்டி நிரம்பாதபோது யாராவது எண் கேட்டால், கெர்னல் இனி கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்காது. பிராசஸரைத் தானே ஒரு வேலையில் சுழலவிட்டு, ஒவ்வொரு சுற்றுக்கும் ஆகும் நேரத்தில் வரும் நுண்ணிய வித்தியாசங்களை அளந்து தொட்டியில் போடும். இன்றைய பிராசஸர்கள் அவ்வளவு சிக்கலானவை. ஒரே வேலையை இரண்டு தடவை செய்தால்கூட நேரம் துளியளவு மாறும். அந்தத் துளிகள் போதும். வெளிச்சத்தம் வரவில்லையா? தானே மேளம் தட்டிக்கொள்ளும்.

இந்த வழி போதுமான அளவு பாதுகாப்பானதா என்று கேட்டவர்களும் இருந்தார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மக்களின் கம்ப்யூட்டர்கள் நின்றுகொண்டிருக்கும் நிலையில் அந்த வாதத்தை நடத்துவதற்கும், எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது நிதானமாக நடத்துவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. ரிவெர்ட் வாங்கித் தந்தது அந்த நிதானத்தைத்தான்.

தொட்டி சரியானதும், எக்ஸ்ட்-4 பேட்ச் திரும்ப வந்தது. ரிவெர்ட்டையே ரிவெர்ட் செய்தார்கள்! பதிவேட்டில் இன்றும் அந்த மூன்று வரிகளும் இருக்கின்றன. சேர்த்தது, எடுத்தது, எடுத்ததை எடுத்தது.

நாம் எல்லோரும் எழுதும் பேட்ச்கள்

நிரல் எழுதாதவர்களுக்கும் இந்தக் கதையில் ஒரு பிடி இருக்கிறது. வீட்டிலும் அலுவலகத்திலும் நாம் நல்ல எண்ணத்தோடு மாற்றங்களைக் கொண்டுவருகிறோம். பெரியவர்களின் பழைய பட்டன் போனை மாற்றி ஸ்மார்ட்போன் வாங்கித் தருகிறோம். சமையலறை டப்பாக்களை ஒழுங்காக, அகர வரிசையில் அடுக்கி வைக்கிறோம். மாற்றம் சரிதான். ஆனால் அந்தப் பெரியவரால் அவசரத்துக்கு ஒரு போன் பண்ண முடியவில்லை. இருபது வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு கடுகை எடுத்தவர் காலை நேரத்தில் டப்பா தேடித் தவிக்கிறார்.

அப்போது பெரும்பாலும் நாம் சொல்வது, 'இதுதான் நல்லது, பழகிக்கோங்க' என்பதுதான். நாம் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் 'நான் சொல்வது சரி' என்பதற்கும் 'எதிரில் இருப்பவரின் காரியம் நடக்கிறது' என்பதற்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறது. கெர்னல்காரர்கள் அந்த இடைவெளியை அளந்து, அதற்கு ஒரு வரிசை வைத்திருக்கிறார்கள். முதலில் பழையபடி ஓட வை. அடுத்து, எங்கே சிக்கியது என்று தேடு. அதைச் சரி செய். கடைசியில் உன் நல்ல மாற்றத்தை எடுத்துக்கொண்டு திரும்ப வா.

இந்த வரிசையில் கஷ்டமானது முதல் படிதான். தப்பு செய்தவர் பின்வாங்குவது எளிது, வேறு வழியில்லை. சரியாகச் செய்தவர், தான் சரி என்று தெரிந்தே இன்னொருவருக்காகப் பின்வாங்குவதற்குத்தான் மனசு வேண்டும்.

5.4 பதிப்பு 2019 நவம்பர் 24 அன்று வெளியானது. நீண்ட காலம் பராமரிக்கப்படும் பதிப்பாகவும் தேர்வானது. ஆண்ட்ராய்டு 11, 12 காலத்தில் வந்த பல போன்களுக்குள் இருப்பது அந்த 5.4 கெர்னல்தான். இரண்டு வாரம் வெளியே நின்றுவிட்டு வந்த அந்தப் பேட்சும், அதன் நிமித்தம் சரியான தொட்டியும் அதில் ஒன்றாக இருக்கின்றன.